ஐந்தாவது ஏன்

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையின் மேல் தங்கதுரையின் முகம் எட்டடி உயரத்துக்குத் தொங்கியது. அவன் கல்யாணத்துக்குக்கூட யாரும் அவன் படத்தை இவ்வளவு பெரிதாக அடித்ததில்லை. படத்தில் அவன் வாய் கோணி, கண் கலங்கி, பல்வலி வந்தவன் மாதிரி இருந்தான். ஸ்டுடியோக்காரர் பழக்கத்தில் "கொஞ்சம் சிரிங்க" என்று சொல்ல, கூட வந்திருந்த சங்கத் தலைவர் கோவிந்தன் "சிரிச்சா காரியமே கெட்டுடும்" என்று அதட்டினார். நாலு தடவை எடுக்கவைத்து, இருப்பதிலேயே பாவமானதைப் பொறுக்கினார். படத்துக்குக் கீழே சிவப்பு எழுத்தில், 'பெற்ற மகளின் காதுகுத்துக்கு லீவு மறுக்கப்பட்ட தந்தை! நீதி எங்கே?' என்று கேட்டிருந்தது. கம்பெனி பேர் மட்டும் இல்லை. அதைப் போட்டால் வேலை போய்விடும் என்கிற அளவுக்கு நீதி கேட்பவர்களுக்கும் விவரம் இருந்தது.

போகிறவர் வருகிறவர் எல்லாம் பேனரைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். அத்திப்பள்ளியிலிருந்து வேலைக்கு வரும் கன்னடக்காரர்கள் சிலருக்குத் தமிழ் எழுத்துப் படிக்க வராது. பெரிய படம், கலங்கிய கண். ஆள் தவறிவிட்டார் போல என்று நினைத்து வண்டியை ஓரங்கட்டிக் கும்பிட்டார்கள். கும்பிட்டுக் கண்ணைத் திறந்தால் செத்தவன் கீழே பெஞ்சில் உட்கார்ந்து டீயில் பன்னை முக்கிக்கொண்டிருந்தான். ஒருத்தர் வண்டியோடு சாயப்போனார், பிடித்து நிறுத்தினார்கள்.

இவ்வளவு அமர்க்களத்திலும் ஒரே ஒரு ஓட்டைதான். தங்கதுரை லீவே கேட்கவில்லை.

நடந்தது இதுதான். அவன் பாரூர்க்காரன். ஓசூரில் ஒரு பிரஸ் ஷாப்பில் வண்டிகளுக்கு இரும்புத் தகட்டில் பிராக்கெட் அடிக்கும் ஆபரேட்டர். ஜூஜூவாடியில் லைன் வீடு. மனைவி மோகனப்ரியாவுக்கு ஊர் நாகரசம்பட்டி, பிறந்த வீட்டில் மாந்தோப்பு உண்டு. மகள் சக்திக்கு ஐந்து வயது. சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை நாகரசம்பட்டியில் சக்திக்குக் காதுகுத்து என்று நாள் குறித்தார்கள். மோகனப்ரியா குழந்தையைக் கூட்டிக்கொண்டு ஒரு வாரம் முன்னாலேயே போய்விட்டாள். தங்கதுரை லீவு ஃபாரத்தை எழுதி, நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். மூன்று நாள் அது பையிலேயே இருந்தது. சூப்பர்வைசர் பெரியதம்பியின் மேசை அவன் பிரஸ்ஸிலிருந்து இருபது அடி. முதல் நாள் போனபோது பெரியதம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் தும்மிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் சும்மாதான் இருந்தார். ஆனாலும் தங்கதுரை அவரைத் தாண்டிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தான். 'எப்படியும் தரமாட்டாரு' என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். சொன்னதும் நெஞ்சு லேசாகிவிட்டது.

அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பொங்கலுக்கு மாமியார் வீட்டில் வைத்து, "சித்திரைக்குள்ள டீம் லீடர் லெட்டர் வந்துடும்" என்று அவன் சவடாலாகச் சொல்லியிருந்தான். அதற்கு ஒரு பரீட்சை உண்டு. எழுதினான், தேறவில்லை. மூன்றாவது தடவை. காதுகுத்துக்குப் போனால் மச்சான் பூபதியிலிருந்து தோப்புக் காவல்காரன் வரை "லெட்டர் வந்துச்சா மாப்ள?" என்றுதான் கேட்பார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் போன் போட்டு, "லீவு குடுக்கல மோகனா" என்றான். அந்தப் பக்கம் நாதஸ்வரச் சத்தத்துக்கு நடுவே, "கேட்டீங்களா?" என்றாள் அவள்.

காதுகுத்தில் அப்பனுக்குப் பெரிய வேலை ஒன்றும் கிடையாது. மாமன் மடியில் உட்காரவைத்து ஆசாரி குத்துவார், அவ்வளவுதான். பூபதி மடியில் சக்தியை உட்காரவைத்தார்கள். இடது காதைக் குத்தினார்கள். அவள் அழுது முடித்துச் சுற்றிப் பார்த்து, "அப்பா எங்க?" என்றாள். வரவில்லை என்றதும் வலது காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். கையை எடுக்கப்போன ஆசாரியின் கட்டைவிரலைக் கடித்தாள். அப்பா வந்தால்தான் அந்தக் காது என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து இடது காதில் தங்கமும் வலது காதில் கையுமாகத்தான் அவள் தோப்பில் திரிந்தாள். குளிக்கும்போதுகூடக் கையை மாற்றிப் பொத்தினாளே தவிர, காதை விடவில்லை. மோகனப்ரியாவும் ஓசூருக்குத் திரும்பவில்லை.

தனியாக இருந்த தங்கதுரையைக் கோவிந்தன் கண்டுபிடித்தார். கண்டுபிடித்தார் என்பதுதான் சரி, அவர் ஆளே அப்படி. பக்கத்துக் கம்பெனியில் தரம் பார்க்கும் இன்ஸ்பெக்டர். எந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும் எங்கே கீறல் என்று பார்ப்பார், ஆளைப் பார்த்தாலும் அப்படியே. பாகலூர் ரோட்டில் ஒரு பரோட்டாக் கடை மாடியில் ஞாயிறு தோறும் நாலு மணிக்கு அவர் ஒரு சங்கம் நடத்தினார். பேர், 'ஓசூர் வட்டார வஞ்சிக்கப்பட்ட ஆண்கள் சங்கம்'. அரிசி விலை, கூலி எதைப் பற்றியும் அங்கே பேச்சு வராது. தனக்கு யார் என்ன செய்தார்கள், அது மட்டும்தான்.

அண்ணாதுரை என்று ஒருத்தர், கோவில்பட்டிப் பக்கத்து ஆள். கல்யாணத்துக்கு மாமனார் பைக் கொடுத்தார். இவர் கேட்டது கறுப்பு, வந்தது சிவப்பு. பதினொரு வருஷமாக அந்தச் சிவப்பு பைக்கில்தான் சங்கத்துக்கு வந்து அதைப் பற்றி அழுவார். மணி என்று இன்னொருத்தர். கம்பெனி பஸ் தினமும் அவரைத் தாண்டிப் பத்தடி தள்ளித்தான் நிற்கிறது. பத்தடி தள்ளிப் போய் நின்றுகொள்ளலாமே என்று புதிதாக வந்த ஒருத்தன் கேட்டான். அவனை அன்றைக்கே வெளியே அனுப்பினார்கள்.

சங்கத்தில் எல்லாருக்கும் கையில்லாத பிளாஸ்டிக் ஸ்டூல். ஒரே ஒரு நாற்காலிக்குத்தான் கை உண்டு. அந்த வாரம் யாருக்கு அதிக அநியாயம் நடந்ததோ அவருக்கு அது. தங்கதுரை வந்த நாளிலிருந்து அந்த நாற்காலி அவனுக்குத்தான். லீவு, குழந்தை, காது என்று மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த குறையை அந்தச் சங்கம் அதுவரை பார்த்ததில்லை. சிவப்பு பைக் அண்ணாதுரை முகம் சுருங்கிப்போனார். பாவம், பதினொரு வருஷக் கஷ்டம் ஒரே நாளில் சின்னதாகிவிட்டது.

குறையை வாயால் சொன்னால் போதாது, எழுத வேண்டும். அதற்குக் கோவிந்தன் கம்பெனி ஃபாரத்தையே ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தார். ஓசூரில் எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் இந்த ஃபாரம் இருக்கும். 'ஒய்-ஒய்' என்பார்கள், இங்கிலீஷில் 'ஏன்-ஏன்'. ஒரு பிராக்கெட்டில் பிசிறு வந்தால் அதை எடுத்து வைத்துக்கொண்டு, ஏன் பிசிறு என்று முதல் கட்டத்தில் எழுத வேண்டும். தகட்டை வெட்டும் டை தேய்ந்துவிட்டது. ஏன் தேய்ந்தது? சாணை பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை? இப்படி ஐந்து 'ஏன்' கேட்டால் ஐந்தாவதில் மூலகாரணம் வந்து மாட்டும். இதில் தங்கதுரை கெட்டிக்காரன். போன வருஷம் கம்பெனியில் முதல் பரிசாக மூன்றடுக்கு டிபன் கேரியர் வாங்கியிருந்தான். கம்பெனியில் ஒரு கண்டிப்பு உண்டு: ஐந்தாவது கட்டத்தில் ஆள் பேர் எழுதக் கூடாது. 'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்று எழுதினால் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்புவார்கள். கோவிந்தன் அந்தக் கண்டிப்பைத் தலைகீழாக்கினார். சங்கத்து ஃபாரத்தில் ஐந்தாவது கட்டத்தில் ஆள் பேர்தான் எழுத வேண்டும், அதுவும் அடுத்தவன் பேர். தங்கதுரை ஐந்தாவது கட்டத்தில் 'சூப்பர்வைசர் பெரியதம்பி' என்று எழுதினான். கைதட்டல் அடங்க ரொம்ப நேரம் ஆனது. அடுத்த வாரம் பேனர் ஏறியது.

அப்புறம் ஒரு புதன்கிழமை மதியம் மோகனப்ரியா போன் செய்தாள். தங்கதுரை கேண்டீன் சுவரோரம் நின்று பேசினான்.

"வர்ற திங்கக்கெழமை விட்டு அடுத்த திங்கக்கெழமை நாள் நல்லாருக்குதாம். ஆசாரிகிட்ட சொல்லிட்டோம். அந்த வாரந்தான் ஸ்கூலும் தொறக்கறாங்க."

"சரி."

"இந்தத் தடவயும் நீங்க வரலன்னா சக்திய இங்கயே ஸ்கூல்ல சேத்துடுவேன். நானும் இங்கயே இருந்துக்குவேன். கோவத்துல சொல்லலைங்க. யோசிச்சுத்தான் சொல்றேன்."

"அந்தாளு லீவு குடுக்கணுமே மோகனா. அன்னிக்கே குடுக்கலயே."

"கேட்டீங்களா?"

இந்த ஒரு கேள்வியைத்தான் அவள் முதல் நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஏன் குடுக்கவில்லை, எவன் குடுக்கவில்லை என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டீங்களா, கேட்டீங்களா, அவ்வளவுதான். தங்கதுரைக்குச் சுள்ளென்று வந்தது.

"கேக்காமயா சொல்றேன்? எம் பேனரே ரோட்ல தொங்குது, தெரியுமா?"

"தெரியும். அண்ணன் பாத்துட்டு வந்து சொன்னாரு" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

தங்கதுரைக்கு அன்று சோறு இறங்கவில்லை. பரிசு கேரியரில் தயிர் சாதம் அப்படியே இருந்தது. பையில் ஒரு ஒய்-ஒய் ஃபாரம் கிடந்தது, காலையில் பிராக்கெட்டுக்காக வாங்கியது. பேனாவை எடுத்து, சும்மா கிறுக்குவதுபோல, முதல் கட்டத்தில் 'மோகனா ஏன் திரும்பி வரவில்லை?' என்று எழுதினான். நான் காதுகுத்துக்குப் போகாததால். ஏன் போகவில்லை? லீவு இல்லாததால். ஏன் லீவு இல்லை? இந்த இடத்தில் கை தானாகப் 'பெ' என்று ஆரம்பித்தது. ஆனால் இது கம்பெனி ஃபாரம், ஆள் பேர் எழுதினால் திரும்பி வரும். பழக்கதோஷத்தில் அடித்துவிட்டு, 'கேட்காததால்' என்று எழுதினான். எழுதியதைப் பார்த்து அவனுக்கே திக்கென்றது. ஏன் கேட்கவில்லை?

இங்கேதான் ரொம்ப நேரம் நின்றான். கேட்டால் தரமாட்டார் என்று பயம், என்று எழுதப்போனான். ஆனால் பெரியதம்பி யாருக்கும் லீவு மறுத்ததே கிடையாது. பூனை செத்ததற்கு லீவு கேட்டவனுக்குக்கூடக் கொடுத்து, பூனை பேரைக் கேட்டு வருத்தப்பட்ட மனுஷன். தங்கதுரை மெதுவாக எழுதினான்: கேட்டால் தந்துவிடுவார் என்று பயம்.

ஐந்தாவது ஏன்: ஏன் பயம்? தந்துவிட்டால் குறை சொல்ல ஆள் இருக்காது, நான் மட்டும்தான் இருப்பேன்.

சைரன் அடித்ததுகூடக் காதில் விழவில்லை. அவமானம் என்றால் அப்படி ஒரு அவமானம், யாரும் பக்கத்தில் இல்லாமலேயே முகமெல்லாம் சுட்டது.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே அந்த ஃபாரத்தைப் படித்தான்.

கோவிந்தன் ஃபாரத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மூணாவது கட்டத்துல தடம் மாறிட்டப்பா. அழிச்சுட்டு எழுது. அஞ்சாவதுல உம் பேரு வந்து நிக்குது. இந்த ஃபாரம் அத ஏத்துக்காது."

"அதாண்ணா உண்மை."

"உண்மைய யாரு கேட்டா? குற்றவாளி யாருன்னு கேக்கறேன்."

அண்ணாதுரைக்கு அவன்மேல் பொறாமை இருந்தாலும் நல்ல மனசு. "தம்பியக் கேக்கவிடாமப் பண்ணியிருக்காவ. மேசைய எதுக்கு இருபதடி தள்ளிப் போட்டாவ? பக்கத்துல போட்டிருந்தா கேட்டிருப்பாம்லா? மேசையப் போட்டவன் யாரு, அவன் பேர எழுதுங்க."

"ரெண்டாவது நாள் தும்மினாருன்னு சொன்னானே" என்றார் மணி. "தும்மறப்ப எப்பிடிக் கேக்கறது? தூசு எங்கிருந்து வருது? பக்கத்துல ரோடு போடறான் பாரு, அந்தக் கான்ட்ராக்டர்!"

தங்கதுரைக்குக் கேட்கத் தெரியாமல் வளர்த்த அவன் அப்பா, பள்ளிக்கூடத்தில் ஒண்ணுக்குக் கேட்டபோது அடித்த வாத்தியார், ஃபாரத்தை நாலாக மடிக்கத் தோதாகச் சட்டைப்பையைச் சின்னதாகத் தைத்த டெய்லர் என்று ஒன்றரை மணி நேரத்தில் பதினேழு குற்றவாளிகள் சேர்ந்தார்கள். பதினெட்டாவது ஆளைப் பற்றி யாரும் பேசவில்லை. அவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"எல்லாருக்கும் நன்றிங்க. ஆனா நாந்தான்" என்றான்.

கோவிந்தனுக்கு வந்த கோபத்தில் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், ஆத்திரம் வந்தால் அதில்தான் ஆரம்பிப்பார். ஆரம்பித்துவிட்டுத் தமிழுக்கு வந்தார். "ஒருத்தன் நாந்தான்னு ஒத்துக்கிட்டா நாளைக்கி இன்னொருத்தன் ஒத்துக்குவான். அப்பறம் இந்தச் சங்கம் எதுக்கு? மாடிக்கு வாடகை எதுக்கு? குறையில்லாத ஆளுக்கு இங்க எடம் இல்ல. ஓட்டுப் போடுங்க."

பதின்மூன்று கை தூக்கித் தங்கதுரையை நீக்கினார்கள். நாற்காலி அண்ணாதுரைக்குப் போனது. அவர் அதன் இரண்டு கைகளையும் தடவிப் பார்த்துக்கொண்டதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவு ஆசை.

தங்கதுரை படியிறங்கும்போது கோவிந்தன் பின்னாலேயே ஓடிவந்தார். கோபம் போய் முகம் பளபளவென்றிருந்தது. தோளில் கை போட்டுக் காதோரம் சொன்னார். "இப்பப் பாரு. உண்மைய சொன்னதுக்காக ஒரு சங்கமே உன்ன வெளிய தள்ளியிருக்குது. அநியாயம்! இதவிடப் பெரிய வஞ்சனை உண்டா? இதயே ஃபாரத்துல எழுதி நாளைக்கிக் குடு. புது மெம்பரா சேந்த கையோட நேரா மாநிலச் செயலாளர். பேனர்ல பழைய போட்டோவே போதும்."

தங்கதுரை ஒரு நிமிஷம் யோசித்தான். அதை மறைப்பதற்கில்லை, யோசிக்கத்தான் செய்தான். சொல்லப்போனால் வார்த்தைகூட மனசில் கிடைத்துவிட்டது: 'உண்மையின் பொருட்டு விலக்கப்பட்டவர்'. பிறகு சக்தி கையால் காதைப் பொத்திக்கொண்டு குளிப்பது ஞாபகம் வந்தது. "வேணாங்கண்ணா" என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

மறுநாள் காலை பெரியதம்பியின் மேசைக்கு முன்னால் போய் நின்றான். இருபது அடி. எண்ணிப் பார்த்ததில் பதினெட்டுதான் இருந்தது.

"சார், அடுத்த திங்கக்கெழம லீவு வேணும். பொண்ணுக்குக் காது குத்தணும், இன்னொரு காது."

பெரியதம்பி ஃபாரத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், சுற்றுமுற்றும் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது, அது தூசியாகவும் இருக்கலாம்.

"இத அன்னிக்கே கேட்டிருக்கலாம்ல தங்கதுரை? கையெழுத்து என்ன, ஊட்டுல எறக்கியே விட்டிருப்பேன். இப்ப முடியாதுப்பா."

"ஏன் சார்?"

"உன் பேனராலதான். மேனேஜர் அதப் படிச்சுட்டு என்னக் கூப்புட்டாரு. வேல போச்சுன்னு நெனச்சுப் போனேன். கை குடுக்கறாரு! 'பெரியதம்பி, உங்கள ஒரு எளகின ஆளுன்னு நெனச்சேன், பெத்த பொண்ணு காதுகுத்துக்கே மறுத்திருக்கீங்க, இந்தக் கண்டிப்புதான் வேணும்'ங்கறாரு. பதினாலு வருசத்துல மொத தடவயா என்ன ஒருத்தரு பாராட்டறாருப்பா. பிளான்ட் முழுக்க நான் சொன்னா இப்ப பயப்படறாங்க. வரப்போற மாசம் சீனியர் சூப்பர்வைசர். இப்பப் போயி உனக்கே லீவு குடுத்தா எம் பேரு என்னாகறது?"

"சார், நான் அன்னிக்கு கேக்கவே இல்லன்னு அவருகிட்ட நானே சொல்றேன்."

"ஐயையோ, சொல்லிடாதப்பா! கெஞ்சிக் கேக்கறேன்" என்று பெரியதம்பி எழுந்தே விட்டார். பிறகு ஃபாரத்தில் 'மறுக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வாழ்க்கையில் முதல் தடவை எழுதும் வார்த்தை, ஓர் எழுத்து தப்பிப்போய் அடித்துத் திருத்தினார். "நீயா வரலன்னா மெமோ வரும். டீம் லீடர் பரீட்சைக்கும் ஒரு வருசம் உக்கார முடியாது. சொல்லிட்டேன்."

ஷிப்ட் முடிந்து தங்கதுரை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தான். கையில் மறுக்கப்பட்ட ஃபாரம், தலைக்கு மேல் அவன் அழுமுகம். இத்தனை நாள் பொய்யாக இருந்த பேனர் இப்போது அட்சரம் பிசகாமல் உண்மையாகிவிட்டது. இனி மோகனப்ரியா "கேட்டீங்களா?" என்றால் எந்தக் கோயிலிலும் கற்பூரம் அடித்துச் சொல்லலாம். கேட்டேன், மறுத்தார்கள், இதோ கையெழுத்து. ஒருத்தனும் அவனைக் குறை சொல்ல முடியாது. அந்த நினைப்பு எவ்வளவு சுகமாக இருந்தது என்றால், ஒரு பன் கூட வாங்கித் தின்றான்.

பன் பாதியில் இருக்கும்போதுதான் அது உறைத்தது. பொய்யாக மறுக்கப்பட்டபோதும் அவன் இங்கேதான் உட்கார்ந்திருந்தான். உண்மையாக மறுக்கப்பட்ட பிறகும் இங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறான். அங்கே அந்தப் பிள்ளை பொத்திய கையை எடுக்கவில்லை. மறுத்தது பெரியதம்பி, சரி. போகாமல் இருப்பது யார்? இதை அவனிடம் எந்த ஃபாரமும் கேட்கவில்லை, எந்தத் தலைவரும் சொல்லித் தரவில்லை. அவனே கேட்டுக்கொண்டான். மீதி பன்னைத் தின்ன முடியாமல் நாய்க்குப் போட்டான்.

அந்த வாரம் முழுக்க ஒழுங்காக வேலைக்குப் போனான். சனிக்கிழமை பெரியதம்பியிடம், "திங்கக்கெழம வரமாட்டேன் சார். மெமோவ டைப் பண்ணி வச்சுடுங்க, செவ்வாக்கெழம வந்து வாங்கிக்கறேன்" என்றான். பெரியதம்பி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "பொண்ணுக்கு நல்லா மருந்து போடச் சொல்லு" என்று முணுமுணுத்தார்.

லீவு மறுத்த சேதி அதற்குள் சங்கத்துக்கு எட்டிவிட்டது. திங்கட்கிழமை காலை ஓசூர் பஸ் ஸ்டாண்டில் கிருஷ்ணகிரி பஸ் நிற்கும் இடத்தில் கோவிந்தனும் மணியும் மாலையோடு நின்றார்கள். கை வைத்த நாற்காலியை அண்ணாதுரை சிவப்பு பைக்கில் கட்டிக் கொண்டுவந்திருந்தார்.

"கேட்டும் மறுத்திருக்காங்க!" கோவிந்தனுக்குக் குரல் தழுதழுத்தது. "சுத்தமான கேசு! ஒரு ஓட்டை இல்ல. எங்கப்பா கெளம்பிட்ட? நீ போயிட்டீன்னா கேசே நிக்காது. உக்காரு, உக்காந்து பேசலாம்."

பஸ் ஸ்டாண்டின் நட்டநடுவில் நாற்காலியைப் போட்டார்கள். பஸ்சுக்குக் காத்திருந்த கூட்டம் எட்டிப் பார்த்தது. தங்கதுரை நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போய்ப் பஸ்ஸில் ஏறினான். மூட்டையோடு வந்த ஓர் அம்மாள் கால் வலிக்கு அதில் உட்கார்ந்துகொண்டாள். வேறு ஆள் இல்லாத குறைக்கு மணி அவள் கழுத்தில் மாலையைப் போட்டார்.

பஸ்ஸில் இடமே இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கிருஷ்ணகிரி வரை நின்றபடியே போனான்.

அங்கிருந்து டவுன் பஸ் மாறி நாகரசம்பட்டியில் இறங்கும்போது மணி பதினொன்று. தோப்பில் கூடை கூடையாக மாங்காய் இறக்கிவைத்திருந்தார்கள். வேப்பமரத்தடியில் பாயில் பூபதி உட்கார்ந்திருந்தார். மடியில் சக்தி, புதுப் பாவாடை, வலது காதில் கை. ஆசாரி கட்டைவிரலில் முன்னெச்சரிக்கையாகத் துணி சுற்றியிருந்தார். தங்கதுரையைப் பார்த்ததும் எல்லாரும் திரும்பினார்கள். "லெட்டர் வந்துச்சா மாப்ள?" என்று யாரோ பெரியவர் ஆரம்பித்தார்.

"இல்லீங்க. மூணு தடவ எழுதி மூணு தடவயும் ஃபெயிலு" என்றான். அவ்வளவுதான் விஷயம். நாற்பது நாள் பயந்தது அரை மூச்சில் முடிந்துபோனது, பெரியவரும் மாங்காய்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மோகனப்ரியா மஞ்சள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே வந்தாள்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"குடுத்தாங்களா?"

"இல்ல. மறுத்துட்டாங்க."

"அப்பறம் எப்பிடி வந்தீங்க?"

"பஸ்லதான்" என்றான்.

அவள் உதட்டோரம் ஏதோ அசைந்தது. சிரிப்பா என்று அவனுக்குத் தெரியவில்லை. எல்லார் முன்னாலும் சொன்னான். "மோகனா, அன்னிக்கு நான் கேக்கவே இல்ல. சும்மா சொன்னேன்."

"தெரியும்."

"எப்பிடி?"

"அன்னிக்குக் காலைலயே அண்ணன் உங்க கம்பெனிக்குப் போன் போட்டாரு, அரை நாளாவது விடுங்கன்னு கேக்கறதுக்கு. நானும் வாங்கிப் பேசினேன். உங்க சூப்பர்வைசரு, 'அவன் கேக்கவே இல்லையேம்மா, நான் எங்க விடமாட்டேன்னேன்'னு எங்கிட்டயே சொன்னாரு." தட்டில் மஞ்சளை விரலால் ஒதுக்கினாள். "நீங்க வராததுக்குக்கூட எனக்கு ஒண்ணுமில்ல. இத நீங்களே வாயத் தொறந்து சொல்றதுக்குத்தான் நாப்பது நாளா இங்க உக்காந்திருக்கேன். நீங்க என்னடான்னா பேனர் கட்டிட்டீங்க."

பூபதி தொண்டையைக் கனைத்து, நேரம் ஆகுது என்றார். தங்கதுரை பாயில் மண்டியிட்டு உட்கார்ந்தான். சக்தி அவனை மேலும் கீழும் பார்த்தாள். ஆளை நம்பலாமா என்று யோசித்தாள் போலிருக்கிறது. பிறகு நாற்பது நாள் பொத்திய கையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். காது வெளுத்துப்போய்ச் சின்னதாக இருந்தது.

ஆசாரி குத்தினார். தோப்பே அதிரும்படி அவள் வீறிட்டாள். மாங்காய்க் கூடையில் இருந்த காக்கா எழும்பிப் பறந்தது. கண்ணீரும் மூக்கும் ஒழுக, இன்னொரு கையால் அப்பன் தோளில் தபதபவென்று அடித்துக்கொண்டே கத்தினாள்.

"உன்னாலதான்! எல்லாம் உன்னாலதான்ப்பா!"

"ஆமா கண்ணு" என்றான் தங்கதுரை. "என்னாலதான்."